சங்குச் சத்தம் எட்டும் தூரம்

பெல் ரோஷ், டொமினிக்கா
11 நவம்பர் 1997

அன்புத் தம்பி வில்மோத்துக்கு அக்கா எசெல்மா எழுதுவது.

நானும் உன் அத்தான் நெலோவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். அவருக்கு அதே இடுப்பு வலிதான். வலை இழுக்கிற நாளில் வராது, விறகு பிளக்கச் சொல்கிற நாளில் தவறாமல் வரும். நீ எப்படி இருக்கிறாய் என்று நேரிலேயே கேட்டுவிடலாம் என்றுதான் இன்று காலை ஆன்ஸ் மாயேத் துறை வாசலில் வந்து நின்றேன்.

உன் கப்பல் பெல்மோரா மாதா கோயில் கோபுரத்தைவிட உயரமாக வந்து நின்றது. நீ அதில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாய், இந்தப் பருவம் முழுக்க ஒரு செவ்வாய் விட்டு ஒரு செவ்வாய் நம் தீவுக்கு வருவாய் என்று நீ எழுதியதிலிருந்து ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தேன். உனக்குப் பிடித்த பேக் ரொட்டி பொரித்து, புகைபோட்ட மீனை உள்ளே வைத்து, துணியில் சுற்றி எடுத்து வந்தேன். வாசல் காவலாளி பெர்ட்டில், "உள்ள வேல பாக்கறவங்க யாரும் எறங்கலக்கா" என்றான். கடைசியில் ரொட்டியை அவன்தான் தின்றான். நல்லா இருக்கு என்று சான்றிதழ் வேறு கொடுத்தான்.

என் பிழைப்பைக் கேட்டால், பருவம் ஆரம்பித்துவிட்டது. கப்பலிலிருந்து இறங்குகிறவர்களில் தங்கள் கால்களை நம்பி நடக்கிறவர்களைப் பொறுக்கிச் சேர்த்து, மீன் சந்தைக்குப் பின்னால் கூட்டிப்போய், கழுதை மூச்சு ஏற்றத்தில் ஏற்றி, நீரூற்று வளைவில் தண்ணீர் குடிக்கவிட்டு, நம் ஊர் ஆற்றில் இறக்குகிறேன். குளித்து, அவித்த சேம்பும் மீனும் தின்று, கப்பல் ஊதுமுன் திரும்பி விடுகிறார்கள். இளநீர் வெட்டுகிற ஓனேரும், தேங்காய் மிட்டாய் விற்கிற பெண்களும் இந்தக் கால்களை நம்பித்தான் இருக்கிறார்கள்.

கண்ணெதிரே நின்ற கப்பலில் இருந்தவனுக்குத் தபால் போடுகிறேன். இது என்ன கூத்தோ. அடுத்த முறையாவது இறங்கி வா. நேரத்துக்குச் சாப்பிடு. மாதா உன் பக்கம் இருக்கட்டும்.

உன் அக்கா,
எசெல்மா


பார்படோஸ் துறைமுகம்
20 நவம்பர் 1997

அன்புள்ள அக்காவுக்கு வணக்கம்.

உன் கடிதம் கிடைத்தது. உன் முழங்காலைப் பற்றி ஒரு வார்த்தைகூட எழுதவில்லை. அத்தான் இடுப்பை எழுதி உன் முழங்காலை மறைக்கிறாய். மலையேறுவதைக் கொஞ்சம் குறைத்துக்கொள்.

அன்று இறங்க முடியவில்லை. உயிர்ப்படகுப் பயிற்சி இருந்தது. அடுத்த முறையும் சந்தேகம்தான். எனக்கு வேலை மாறியிருக்கிறது. முதலில் பாத்திரம் தேய்த்தேன், பிறகு நடைபாதை துடைத்தேன், உனக்கே தெரியும். இப்போது மேஜை வேலை. வெள்ளைக் கோட்டும் வெள்ளைக் காலணியும் கொடுத்திருக்கிறார்கள். காலணி சுண்டு விரலைக் கடிக்கிறது, ஆனால் யாரும் என்னை இப்போது விரல் சொடுக்கிக் கூப்பிடுவதில்லை. பயணிகள் "சார்" என்கிறார்கள். நம் வீட்டில் யாரையாவது யாராவது சார் என்று கூப்பிட்டதுண்டா?

கப்பல் துறையில் நிற்கிறபோதுதான் மேஜையில் ஆள் வேண்டும். அதனால் வாசலில் வந்து காத்திருக்காதே. வெயிலில் நிற்பதும் வீண், ரொட்டியும் வீண்.

அத்தானுக்கு ஒரு தைலம் வாங்கி வைத்திருக்கிறேன். உடம்பைப் பார்த்துக்கொள்.

தம்பி,
வில்மோத்


பெல் ரோஷ்
10 டிசம்பர் 1997

என் தம்பி வில்மோத்துக்கு.

முழங்காலை நீ விசாரித்ததாக முழங்காலிடம் சொன்னேன். அதுவும் நலம் கேட்டது. சார் வேலை பார்ப்பவன் என்று ஊரில் தலை நிமிர்ந்துதான் நடக்கிறேன், பொய் சொல்வானேன். ஆனால் அது என்ன மேஜை, அதில் என்ன வேலை என்று நீ எழுதவே இல்லை. நெலோ கேட்கிறார், ஓனேர் கேட்கிறான், "மேஜையில் வேலை" என்றே எத்தனை பேருக்குச் சொல்வேன்?

இங்கே ஒன்று நடக்கிறது. போன மாதக் கடைசியிலும் நேற்றும் உன் கப்பலிலிருந்து இறங்கியவர்கள் வாசலைத் தாண்டி வந்து, மலையை அண்ணாந்து பார்த்து, என்னைப் பார்த்து, ஏதோ நான் அவர்களைக் கிணற்றில் தள்ளப் போகிறவள் போலப் பயந்து, நேராகக் கம்பெனி பஸ்ஸில் ஏறிவிட்டார்கள். நேற்று என்னோடு நடந்தவர்கள் ஒரு தம்பதி மட்டும். அவர்களுக்கும் காது மந்தம்.

துறையைக் குத்தகைக்கு எடுத்த கம்பெனிதான் பஸ்ஸும் ஓட்டுகிறது, தெரியுமல்லவா? அவர்கள் மேலாள் ஃபெர்டினாண்ட் பாதை அடிவாரத்தில் ஒரு பலகை அடித்திருந்தான். "பாதை ஆபத்தானது. மூடப்பட்டது." அந்த இடத்தில் பஸ் நிறுத்தம் கட்டுவதற்கு மனுப் போட்டிருக்கிறார்களாம். இந்தப் பருவம் முடிவதற்குள் அங்கே யாரும் நடப்பதில்லை என்று காட்டிவிட்டால் நிலம் அவர்களுக்கு. நாங்கள் சுற்றுவழியாகத் தார் ரோட்டில் அவர்கள் பஸ்ஸுக்குக் கை நீட்ட வேண்டியதுதான்.

பலகையை நான் கழற்றிக்கொண்டு வந்துவிட்டேன். நல்ல பலகை. கோழிக் கூண்டுக்குக் கதவாக அளவெடுத்தது போல இருக்கிறது. ஃபெர்டினாண்ட் வந்து கேட்டான்.

"எசெல்மா, பலகையக் காணோமே?"

"காத்தடிச்சுது."

"காத்து ஆணியக்கூடவா புடுங்கும்?"

"நம்ம தீவுக் காத்து உனக்குத் தெரியாதா ஃபெர்டினாண்ட்? கூரையவே புடுங்கும்."

அவன் கூண்டைப் பார்த்தான். கோழி அவனைப் பார்த்தது. போய்விட்டான்.

நீ கப்பலுக்குள் இருப்பவன். எங்கள் பாதையைப் பற்றி அங்கே யார் என்ன சொல்கிறார்கள் என்று விசாரித்து எழுது. யார் வாய் என்று மட்டும் தெரிந்தால் போதும், மிச்சத்தை நான் பார்த்துக்கொள்கிறேன்.

குளிர்சாதனக் காற்றில் படுக்காதே, உனக்குச் சளி பிடிக்கும்.

அக்கா,
எசெல்மா


கப்பலிலிருந்து
19 டிசம்பர் 1997

அக்காவுக்கும் அத்தானுக்கும் கிறிஸ்துமஸ் வாழ்த்துகள்.

பிஸ்கட் டப்பாவும், உனக்குப் பூப்போட்ட துணியும், அத்தானுக்குத் தைலமும் தனிப் பொட்டலமாக அனுப்பியிருக்கிறேன். துணி போதவில்லை என்றால் எழுது.

பலகையைத் திருப்பி அடித்துவிடு. ஃபெர்டினாண்டோடு வம்பு வேண்டாம். பஸ் கம்பெனிக்கு உள்ளூர் வழிகாட்டிகள் வேண்டுமாம், சம்பளத்துக்கு. நீ சரி என்றால் நான் ஒரு வார்த்தை சொல்ல முடியும். உட்கார்ந்தபடி வேலை. உன் முழங்காலுக்கு நல்லது.

இங்கே எனக்கு வேலை அதிகம். எல்லாரும் சுகமாக இருக்க வேண்டுகிறேன்.

வில்மோத்


பெல் ரோஷ்
7 ஜனவரி 1998

வில்மோத்துக்கு.

நாங்கள் நலம். பிஸ்கட் வந்தது, தின்றோம். துணியை இன்னும் வெட்டவில்லை. ஏன் என்று கீழே எழுதுகிறேன்.

நேற்று உன் கப்பலிலிருந்து ஒரு வெள்ளைக்காரக் கிழவி தனியாக இறங்கி வந்தாள். பெயர் பிரிட்சர்ட். காலில் பழைய பூட்ஸ், கையில் தடி. பஸ்காரன் கூப்பிடக் கூப்பிடத் திரும்பிக்கூடப் பார்க்காமல் நேராக என்னிடம் வந்தாள்.

"நீதான் நடக்கக் கூட்டிட்டுப் போறவளா?"

"பயமா இல்லையா? எல்லாரும் பஸ்ல போறாங்களே."

"நாப்பது வருஷம் தபால் பையத் தூக்கிட்டு எங்க ஊரு மலையெல்லாம் ஏறி எறங்குனவ நான். உங்க மலை என்னை என்ன பண்ணிரும்? நட."

கழுதை மூச்சில் எனக்கு மூச்சு வாங்கியது, அவளுக்கு இல்லை. நீரூற்று வளைவில் உட்கார்ந்து தண்ணீர் குடித்தோம். கீழே விரிகுடாவில் உன் கப்பல் வெள்ளையாக நின்றது. அப்போது சொன்னாள்.

"தெனம் காலைல ஒலிபெருக்கில ஒரு பையன் பேசறான். பாதை சரிஞ்சு போச்சு, நடந்தா ஆபத்து, பஸ்ஸுல போங்கன்னு. நானும் நம்பியிருப்பேன். ஆனா போன தீவுலயும் அதே சரிவு, அதுக்கு முந்தின தீவுலயும் அதே சரிவு. ஒரே மண்ணு எத்தன தீவுலதான் சரியும்?"

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டியே? அந்தப் பையன் குரல் அப்படியே உன் குரலு. பேச்சு முடியற எடத்துல மேல தூக்கி விடறே பாரு, அவனும் அதே மாதிரி தூக்கறான்."

பிறகு அவளை ஆற்றுக்குக் கூட்டிப் போனேன். குளிக்கவைத்தேன், சாப்பிடவைத்தேன், வழியனுப்பினேன். "அவன் என் தம்பி" என்று அவளிடம் சொல்ல என் நாக்கு எழவில்லை.

டேய், அந்த மேஜை இதுதானா? யார் வாய் என்று கண்டுபிடித்து எழுது என்று உன்னிடமே கேட்டேனே, படித்தபோது உனக்கு எப்படி இருந்தது? இந்தத் தீவுக்காரன் வாயிலிருந்து வந்தால்தான் பொய்க்கு ருசி என்று உன்னைத் தேடிப் பிடித்துக் கோட்டு மாட்டியிருக்கிறார்கள். உனக்கு அது புரியவில்லையா, இல்லை புரிந்ததனால்தான் வாசலுக்கே வரவில்லையா?

அம்மாவை எந்த வழியாகக் கல்லறைக்குத் தூக்கிப் போனோம்? மழை பெய்துகொண்டிருந்தது. முன்பக்கம் தோள் கொடுத்தவன் நீ. உன் கால் வழுக்கவில்லை. அந்தப் பாதையையா ஆபத்து என்கிறாய்?

பலகையைத் திருப்பி அடிக்க மாட்டேன். பஸ்ஸில் உட்கார மாட்டேன். பூப்போட்ட துணி இதோடு திரும்பி வருகிறது. தைலத்தை மட்டும் நெலோ கொடுக்க மாட்டேன் என்கிறார்.

உடம்பு நன்றாக இருக்கட்டும். அதற்குமேல் வாழ்த்த இன்று மனம் வரவில்லை.

எசெல்மா


கப்பலிலிருந்து
5 பிப்ரவரி 1998

அக்காவுக்கு.

பதில் தாமதம். நலம்தான்.

ஆமாம், என் குரல்தான். அதற்கென்ன இப்போது? காகிதம் அவர்கள் கொடுப்பது, வாசிப்பது நான். எல்லாத் தீவுக்கும் ஒரே காகிதம். தீவின் பெயர் வரும் இடத்தில் கோடு போட்டிருக்கும், பெயரை மட்டும் மாற்றி வாசிக்க வேண்டும். உன் மலையைக் குறிவைத்து யாரும் எழுதவில்லை. நீயும் நானும் அவர்கள் கணக்கிலேயே இல்லை.

நீ சொல்வது சுலபம். கப்பலின் அடித்தட்டில் எண்ணெய்ப் பிசுக்குக்குள் கை வெந்து பாத்திரம் தேய்த்தவன் நான். அப்போது எவனும் என் தீவு எது என்று கேட்கவில்லை. இப்போது கேட்கிறார்கள். இந்தக் கோட்டைக் கழற்றிவிட்டு ஊருக்கு வந்து நான் என்ன செய்ய? உன் பின்னால் நடந்து சேம்பு அவிக்கவா? பாதை பாதை என்கிறாயே, அந்தப் பாதை எனக்கு வேலை கொடுத்ததா? நான் ஊரை விட்டுப் போனதே அந்தப் பாதையில் இறங்கித்தான்.

வாசலுக்கு வராததற்குக் காரணம் கேட்கிறாய். வேலை இருந்தது. அவ்வளவுதான். வேறெதையும் நீயாகக் கற்பனை செய்துகொள்ளாதே.

துணி வந்து சேர்ந்தது. என் பெட்டியில் கிடக்கிறது.

வில்மோத்


பெல் ரோஷ்
19 பிப்ரவரி 1998

வில்மோத்துக்கு.

நாங்கள் எல்லாரும் உயிரோடு இருக்கிறோம். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன், நீ வேறு வழியில் கேள்விப்பட்டுப் பதறாதே.

உன் காகிதம் பலித்துவிட்டது. இந்த மாதத்தில் இப்படி மழை நான் பார்த்ததில்லை. திங்கட்கிழமை விடிந்து பார்த்தால் நீரூற்று வளைவு சரிந்து கிடக்கிறது. பாதையை மண் மூடிவிட்டது, ஓரக்கல் எல்லாம் உருண்டு போய்விட்டது. ஆடுகூடத் தாண்ட முடியாது. செவ்வாய்க்கிழமை உன் கப்பல் நின்றபோது நான் வாசலுக்குப் போகவில்லை. நீ ஒலிபெருக்கியில் சொன்னதில் அன்று முதல்முறையாகப் பொய் இல்லை, சந்தோஷம்தானே?

ஃபெர்டினாண்டுக்குத்தான் கொண்டாட்டம். அடிவாரத்தில் இரும்புச் சங்கிலி கட்டிவிட்டான். "நான் அப்பவே சொன்னேன்ல?" என்று சந்தையில் எல்லாரிடமும் சொல்கிறான். அடுத்த மாதம் அதிகாரிகள் வந்து பார்க்கப் போகிறார்கள். பாதை இப்படியே கிடந்தால் பேச ஒன்றுமில்லை, முடிந்தது.

முடியவிட மாட்டேன். கார்னிவல் கழியட்டும், மார்ச் மூன்றாம் தேதி செவ்வாயன்று ஊரைக் கூட்டிப் பாதையைத் திறக்கக் கூட்மே வைக்கிறேன். காய்ந்த மீனும் ஈரப்பலாவும் என் செலவு. "கப்பல் நிக்கற நாளாப் பாத்தா வெப்பே?" என்று நெலோ தலையில் அடித்துக்கொண்டார். "ஆமா, அவங்க பாக்கட்டும். எங்க பாதைய நாங்களே தெறக்கறதப் பாத்துட்டுப் போகட்டும்" என்றேன்.

கூட்மேக்கு யாரையும் பெயர் சொல்லி அழைப்பதில்லை என்று உனக்குத் தெரியும். வேலை இருக்கிற இடத்தில் நின்று சங்கு ஊதுவோம். கேட்டவர்கள் கத்தியும் மண்வெட்டியும் எடுத்துக்கொண்டு வருவார்கள், வேலை முடித்து ஒன்றாகச் சாப்பிடுவார்கள். உன் வீட்டுக் கூரை அப்படித்தான் ஏறியது. அன்று சங்கு ஊதியவன் நீ. ஊர் முழுக்க வந்தது. கேட்டும் வராதவன் நாளைக்கு ஊதினால் யார் காதிலும் விழாது, அதுவும் உனக்குத் தெரியும்.

அதனால் உன்னை நான் கூப்பிடவில்லை. கூப்பிடக் கூடாது. நீரூற்று வளைவிலிருந்து கீழே கப்பல் தெரிகிறது. சத்தம் அதுவரை போகுமா என்று தெரியவில்லை.

சளி தொல்லை இருந்தால் இஞ்சி போட்டுக் குடி.

எசெல்மா


பெல் ரோஷ்
4 மார்ச் 1998

என் தம்பிக்கு.

நீ நலமா என்று கேட்க வேண்டியதில்லை, நேற்றுத்தான் பார்த்தேன். கைக் கொப்புளத்தைக் குத்தி உடைக்காதே, தேங்காய் எண்ணெய் தடவு. என் முழங்கால் இன்று நடக்க மாட்டேன் என்கிறது, அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நேற்று உன்னோடு பேச நேரமே இல்லை. பேசியிருந்தாலும் என்ன பேசியிருப்போம்? அதனால் நான் பார்த்ததையும் கேட்டதையும் எழுதுகிறேன். நீ உள்ளே இருந்தவன், வெளியே எப்படித் தெரிந்தது என்று உனக்குத் தெரியாதே.

காலையில் ஊர் ஆட்கள் வந்துவிட்டார்கள், ஆனால் போதவில்லை. பெரிய தட்டைக் கல் ஒன்று பாதைக்கு நடுவே படுத்திருந்தது. அதை ஓரத்துக்குக் கொண்டுபோய் நிறுத்தினால்தான் மேலே மண் நிற்கும். எங்கள் கைகளுக்கு அது அசையவில்லை. நான் சங்கை வாங்கி, கப்பல் பக்கமாகத் திரும்பி ஊதினேன். ஒருமுறை ஊதிப் பார்த்தேன், ஒன்றும் ஆகவில்லை. கோபம் வந்தது. நெஞ்சு வலிக்க மறுபடி ஊதினேன்.

மிச்சத்தை உன் கப்பல்காரர்கள் சொன்னார்கள். நீ வழக்கம்போலக் காகிதத்தை வாசித்துக்கொண்டிருந்தாயாம். மேல்தட்டுக் கதவு திறந்திருந்ததாம். சங்குச் சத்தம் உன் ஒலிபெருக்கிக்குள்ளேயே புகுந்து கப்பல் முழுக்கக் கேட்டதாம், சாப்பாட்டுக் கூடம் வரைக்கும். நீ வாசிப்பதை நிறுத்திவிட்டாயாம். இரண்டாம் முறை கேட்டதும் சொன்னாயாம்:

"அது எங்க அக்கா. இதுக்கு முன்னாடி பாதை நல்லா இருந்தப்ப சரிஞ்சு போச்சுன்னு உங்ககிட்டப் பொய் சொன்னேன். இப்ப நெசமாவே சரிஞ்சு கெடக்கு. இன்னிக்கு அதத் தெறக்கறாங்க. நடக்கணும்னு ஆசப்படறவங்க அழுக்கானாப் பரவால்லங்கற செருப்பப் போட்டுட்டு என் பின்னாடி வாங்க. பஸ்ஸுல போறவங்க போங்க, அதுவும் நிக்குது."

இதை எனக்குச் சொன்ன மனுஷன் உன்னைப் போலவே கையை நீட்டி நீட்டிச் சொன்னான். நான் திரும்பத் திரும்பச் சொல்ல வைத்தேன்.

அடிவாரத்தில் நடந்ததை நெலோ சொன்னார். நேற்றிலிருந்து சொல்லிக்கொண்டே இருக்கிறார். சங்கிலிக்கு முன்னால் ஃபெர்டினாண்ட் கையை விரித்து நின்றானாம்.

"தாண்டாதீங்க! கப்பல் உத்தரவு, பாதை மூடியிருக்கு!"

"கப்பல் உத்தரவ வாசிக்கறவனே நாந்தான் ஃபெர்டினாண்ட். இன்னிக்கு வேற உத்தரவு."

"உன் கோட்டக் கழட்டிருவாங்கடா!"

"அவங்க எதுக்குச் செரமப்படணும்? மேல போயி நானே கழட்டிக்கறேன்."

நீ சங்கிலியைத் தாண்டினாயாம். உன் பின்னால் வந்த அம்மாக்கள் பாவாடையைத் தூக்கிக்கொண்டு தாண்டினார்களாம். ஃபெர்டினாண்ட் கடைசியில் ஒரு கிழவருக்குக் கை கொடுத்துத் தாண்ட வைத்தானாம். பழக்கதோஷம்.

மேலே நின்ற எனக்கு மரங்களுக்கு நடுவே முதலில் ஒரு வெள்ளைக் கோட்டுதான் தெரிந்தது. என்னென்னவோ சொல்ல வேண்டும் என்று வைத்திருந்தேன். நீ வந்து நின்றதும் என் வாயில் வந்தது, "வந்துட்டியா? வரிசைல போயி நில்லு, கல்லு கைமாறுது." அவ்வளவுதான். நீயும் "மண்வெட்டி இருக்கா?" என்றாய். இல்லை. கோட்டைக் கழற்றித் தரையில் விரித்து அதில் மண்ணை அள்ளிப் போட்டாய்.

தட்டைக் கல்லை நகர்த்தியபோது எத்தனை கைகள் அதன்மேல்! நம் ஊர்க் கை, கப்பல் கை, கடைசியில் துறை வாசலை விட்டுவிட்டு ஓடிவந்த பெர்ட்டில் கை. கல் உட்காரும் நேரத்தில் உன் கால் சேற்றில் புதைந்தது. காலை இழுத்தாய், கால் வந்தது, காலணி வரவில்லை. அதன்மேல் கல் உட்கார்ந்துவிட்டது. "அஸ்திவாரம் போட்டாச்சு!" என்று நெலோ கத்தினார். அங்கே எழுந்த சிரிப்பு கீழே ஃபெர்டினாண்டுக்குக் கேட்டிருக்கும்.

அதன் பிறகு எல்லாரும் பாதையில் நடந்து ஆற்றுக்கு வந்தோம். அதுதான் கூட்மே, வேலை செய்தவர்கள்தான் முதலில் நடக்க வேண்டும்.

உன்னை ஒன்று கேட்க நினைத்தேன், கேட்கவில்லை. இங்கேயே இருந்துவிடு என்று. நான் வாய் திறக்குமுன்பே நீ ஒப்பந்தம், கையெழுத்து, சொல்லாமல் ஓடினவன் என்று பேர் வரக் கூடாது என்றாய். சரி. வாசலில் நின்று பார்த்தேன். அந்த வெள்ளை ஏணியில், எல்லாரும் பார்க்க, ஒரு காலில் காலணியும் ஒரு கால் வெறுமையுமாக, தோளில் சேற்றுக் கோட்டோடு ஏறிப் போனாய். குனியவில்லை. அம்மா இருந்து பார்த்திருக்க வேண்டும். நான் அங்கேயே அழுதேன், பெர்ட்டில் சாட்சி.

பேக் ரொட்டியை இந்த முறை அவனுக்குக் கொடுக்கவில்லை. நீ தின்றாய். அது போதும்.

அந்தப் பூப்போட்ட துணி இன்னும் பெட்டியில் இருந்தால் எடுத்துக்கொண்டு வா.

உன் அக்கா,
எசெல்மா


பெல்மோரா கப்பல்
6 மார்ச் 1998

திரு. வில்மோத் லரோண்ட் அவர்களுக்கு,

தாங்கள் நலமாக இருப்பீர்கள் என நம்புகிறோம்.

மார்ச் மூன்றாம் தேதி, தங்களுக்கு வழங்கப்பட்ட அறிவிப்பை முழுமையாக வாசிக்காமல், தங்கள் சொந்தக் கருத்துகளை ஒலிபெருக்கியில் தெரிவித்ததும், பணி மேஜையை விட்டு அகன்றதும், பயணிகளை அனுமதியற்ற பாதையில் அழைத்துச் சென்றதும் நிறுவன விதிகளுக்கு முரணானவை. அடுத்த துறைமுகத்தில் தாங்கள் பணியிலிருந்து விடுவிக்கப்படுகிறீர்கள்.

சீருடைப் பொருள்களைத் திரும்ப ஒப்படைக்க வேண்டியது தங்கள் கடமை: வெள்ளைக் கோட்டு ஒன்று, வெள்ளைக் காலணி ஒரு ஜோடி. தாங்கள் ஒப்படைத்ததில் ஒரு காலணி மட்டுமே இருந்தது. மற்றதை உடனடியாக அனுப்பி வைக்கவும்.

தங்கள் எதிர்காலம் சிறக்க வாழ்த்துகள்.

இங்ஙனம்,
எட்வின் ஹார்க்னஸ்
மேலாளர், கரைச் சுற்றுலாப் பிரிவு


பெல் ரோஷ், டொமினிக்கா
20 மார்ச் 1998

மதிப்பிற்குரிய திரு. ஹார்க்னஸ் அவர்களுக்கு,

நான் நலம். என் அக்கா நலம். அவளுடைய முழங்காலும் நலம். நேற்று அதிகாரிகள் வந்து பாதையைப் பார்த்தார்கள். பார்க்க வந்தவர்களை நடக்க வைத்தே பார்க்கச் செய்தாள். ஆற்றில் குளித்துவிட்டு, பஸ் நிறுத்தத்துக்கு வேறு இடம் பார்க்கச் சொல்லிவிட்டுப் போனார்கள். நீங்களும் நலமாக இருக்க வேண்டுகிறேன்.

உங்கள் கடிதத்தில் ஒரே ஒரு திருத்தம். அனுமதியற்ற பாதை என்று எழுதியிருக்கிறீர்கள். அதில் நடக்க யாரும் யாரிடமும் அனுமதி கேட்டதில்லை.

கோட்டு உங்களிடம் வந்துவிட்டது. சேறு போகவில்லை என்றால் மன்னிக்கவும், எங்கள் மண் அப்படி. நீங்கள் கேட்கும் காலணி பத்திரமாக இருக்கிறது. அதற்கு முகவரி தருகிறேன். துறை வாசலைத் தாண்டியதும் இடப்பக்கம் திரும்புங்கள். மீன் சந்தைக்குப் பின்னால் பாதை தொடங்கும். சங்கிலி இப்போது இல்லை, அது என் அத்தானின் படகைக் கட்டியிருக்கிறது. ஏற்றத்தில் மூச்சு வாங்கும், வெட்கப்படாமல் நின்று நின்று வாருங்கள். நீரூற்று வளைவில் பெரிய தட்டைக் கல் ஒன்று பாதையைத் தாங்கி நிற்கும். காலணி அதன் அடியில் இருக்கிறது.

கல்லைத் தனி ஆளாக அசைக்க முடியாது. அதற்கும் இங்கே வழி உண்டு. பக்கத்து மரத்தில் சங்கு தொங்குகிறது, யார் வேண்டுமானாலும் எடுக்கலாம். எடுத்து ஊதுங்கள். நானும் அக்காவும் ஆற்றங்கரையில்தான் இருப்போம், எங்களுக்கு நன்றாகவே கேட்கும்.

யார் வருகிறார்கள் என்று பார்க்கலாம்.

அன்புடன்,
வில்மோத் லரோண்ட்